ஆடிக் காற்றும் கரிசல் புழுதியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே 12 கி.மீ. போல இருக்கும். ஆனி, ஆடியில் அந்த ரோட்டில் பைக்கில் போனால் மேற்கே மலை உச்சியில் மேகம் கவிந்து நிற்கும். கீழே நமக்குச் சொட்டு மழை கிடையாது, காற்று மட்டும்தான். அங்கிருந்து கிழக்கே சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் கரிசலுக்குள் போகப் போகக் கண்ணைத் திறக்க முடியாது. "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று கண்ணைக் கசக்கிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அங்கே பறப்பது வயலின் மேல்மண்.

காற்று புதுசு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. நம்ம மாவட்டத்து மானாவாரிக்கோ வடகிழக்குப் பருவமழைதான் கதி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து தை, மாசி வாக்கில் அறுப்பு. ஆக, காற்று பலமாக அடிக்கிற மாதங்களில்தான் கரிசல் வெறுமையாகக் கிடக்கிறது. இந்தப் பொருத்தக்கேடு அந்தக் காலத்திலும் இருந்தது. மாறியது தரைதான்.

மண் எப்படிப் பறக்கிறது? பெரிய மணல் துகள்கள் காற்றில் துள்ளித் துள்ளிப் போய் விழும். விழுகிற வேகத்தில் கீழே இருக்கிற நுண்ணிய துகள்களைக் கிளப்பிவிடும். அந்த நுண்துகள்தான் நாம் பார்க்கிற புழுதி. அது பல கிலோமீட்டர் போகும். மட்கும் சத்தும் அதிகம் ஒட்டியிருப்பது அந்த நுண்துகளில்தான். அதாவது காற்று மண்ணில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறது.

இதைக் கணக்காகச் சொன்னவர் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ எஞ்சினியர். லிபியப் பாலைவனத்தில் சுற்றியவர், 1941-இல் புத்தகமாகவே எழுதினார். நகர்கிற மணலின் அளவு, தரையை ஒட்டிய காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது அவர் கண்டது. காற்று கால்பங்கு கூடினால் மணல் நகர்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க: தரையில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் நகர்வு எட்டில் ஒன்றுதான்.

கிளுவை வேலியும், வரப்போரப் பனையும், அறுத்த பின் நிற்கிற சோளத்தட்டையும் செய்த வேலை அதுதான். கோடை உழவில் புரண்டு கிடக்கும் பெரிய கட்டிகளும் அப்படியே. காற்றைத் தடுக்கும், தானும் பறக்காது. இன்றைக்கு வேலி போய்விட்டது. ரோட்டவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் கட்டி எல்லாம் மாவாகிவிடுகிறது. ரோட்டோர நிலங்களில் ஜேசிபியை விட்டுச் சுரண்டி, பிளாட் கல் ஊன்றி, வருஷக்கணக்கில் சும்மா போட்டிருக்கிறோம்.

சீமைக்கருவேலம் விஷயமும் இதில் சேர்த்திதான். 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளை ஒட்டி ஊர் ஊராக அதைப் பிடுங்கினோம். அது வேண்டாத மரம், சரி. ஆனால் பிடுங்கிய இடத்தில் வேறு எதுவும் வைக்காவிட்டால் மிஞ்சுவது மொட்டைத் தரை.

இனி பருவநிலை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தை வைத்துக்கொள்ளும். மண்ணும் கண்மாயும் சீக்கிரம் காயும். மழை வந்தால் கொட்டித் தீர்க்கும், இடைவெளி நீளும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. பயிர் ஏறாத வயலில் அடுத்த ஆடிக்குத் தட்டை எங்கிருந்து நிற்கும்? வறட்சி மண்ணைக் காயவைக்கிறது, நாம் மூடியைக் கழற்றிவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தால்தான் புழுதி.

அமெரிக்காவில் 1930-களில் நடந்ததும் இதே சேர்க்கைதான். புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள், தொடர்ந்து மழை பொய்த்தது, மண் மேகமாகக் கிளம்பியது. 1935-இல் அதற்கென்றே மண் பாதுகாப்புத் துறை ஏற்படுத்தினார்கள்.

போன மண் திரும்புமா? ஐபிசிசி 2019 அறிக்கையின் மதிப்பீடு: வழக்கமான உழவு நிலங்களில் மண் உருவாகும் வேகத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அது அரித்துப் போகிறது, உழாமல் பயிர் செய்தால்கூட 10 முதல் 20 மடங்கு. நம் ஆயுளுக்குள் திரும்பாது.

நம்ம பேச்சில் புழுதி கெட்ட வார்த்தை இல்லை. புழுதி உழவு, புழுதி விதைப்பு என்று மழையை நம்பி மண்ணைத் தயார் செய்கிற சொல் அது. அந்தப் புழுதி வயலில் தங்கணும்னா தட்டையைக் கொஞ்சமாவது விட்டு வைக்கணும், கோடையில் மாவாக உழக்கூடாது, மேற்கு வரப்பில் ஒரு வரிசை கிளுவையோ பனையோ வேணும். அடுத்த ஆடியில் அந்தப் பக்கம் போனால் பாருங்க: தட்டை நிற்கிற வயல் ஒன்று, பக்கத்திலேயே சுரண்டிப்போட்ட பிளாட் ஒன்று. எதிலிருந்து புழுதி கிளம்புகிறது என்று ரெண்டு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.