நோக்குகூலியும் 852 ரூபாய் தினக்கூலியும்

திருவனந்தபுரம்: சரக்கை இறக்காமல், அருகில் நின்று பார்த்ததற்காகக் கேட்கப்படும் "நோக்குகூலி"க்கு 2018, மே 1 முதல் கேரள அரசு தடை விதித்தது. ஆயினும், 2021 செப்டம்பரில், தும்பா விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றிவந்த வாகனத்தை மறித்து அதே கூலி கேட்கப்பட்டது. போலீஸார் தலையிட்ட பின்னரே வாகனம் உள்ளே சென்றது.

இதை வைத்துத் தொழிற்சங்கங்களைப் பழிப்பது எளிது. ஆனால் ரிசர்வ் வங்கி விவரப்படி, 2022-23-இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி 852 ரூபாய். தேசிய சராசரியோ 393 மட்டுமே. சங்கங்களின் பேரத்துடன், வளைகுடாவுக்கு ஆள்கள் சென்றதால் ஏற்பட்ட பற்றாக்குறையும் இதற்குக் காரணம்.

அந்த இடத்தை நிரப்பிய வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் பேர் என 2013-இல் குலாட்டி நிறுவனம் கணித்தது. அவர்களில் பலர் வங்காளம், அசாம், ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு முன்னர் அங்கு மண் சுமந்தவர்கள் தமிழகத் தொழிலாளர்களே.