தேர்வு உண்டா, இல்லையா?

பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களை நோய்ப் பயத்தைவிட நிச்சயமின்மை அதிகம் வாட்டியது. புணேயின் கிழக்கே உள்ள ஹடப்சர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அண்ணாசாகேப் மகர், எஸ்.எம். ஜோஷி ஆகிய கல்லூரிகள் இங்கே சாவித்ரிபாய் ஃபுலே புணே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. கோவிஷீல்டு தடுப்பூசியைத் தயாரித்த சீரம் நிறுவனமும் இப்பகுதியில்தான் இருக்கிறது.

மகாராஷ்டிராவின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 9 அன்று புணேயில் உறுதியானது. அந்த மாத இறுதிக்குள் நாடே முடங்கியது. ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை பேசித் தங்குவது புணே மாணவர்களிடையே வழக்கம். அப்படித் தங்கியிருந்த பலரும் ஊர் திரும்பினர். இறுதியாண்டுத் தேர்வு வேண்டாம் என்றது மாநில அரசு. செப்டம்பர் இறுதிக்குள் நடத்தியே தீர வேண்டும் என்று ஜூலை 6 அன்று அறிவித்தது பல்கலைக்கழக மானியக் குழு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்வு இல்லாமல் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பட்டம் தர முடியாது என்ற தீர்ப்பு ஆகஸ்ட் 28 அன்றுதான் வந்தது. அதுவரை படிப்பதா, புத்தகத்தை மூடிவைப்பதா என்று எந்த மாணவராலும் முடிவெடுக்க முடியவில்லை. படிப்புச் சுமையை மனம் ஒருவாறு தாங்கிவிடும். முடிவு தெரியாத காத்திருப்பு தூக்கத்தையும் பசியையும் கெடுத்துவிடும்.

வகுப்பு கைபேசிக்கு மாறியபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 24 சதவீதத்துக்கே இணைய வசதி இருந்தது. ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்ட வீடுகளில், விட்டுப்போன பாடம் குற்ற உணர்வாக மாறியது. காலையில் எழுந்து பஸ் பிடிக்கும் கட்டாயம் போனதும் இரவு பகலானது. கேன்டீன் அரட்டையும் நின்றது. சோர்ந்த முகத்தைப் பார்த்து 'என்னடா ஆச்சு?' என்று கேட்க நண்பன் பக்கத்தில் இல்லை. பெரும் இழப்பு இதுதான் என்று சொல்லலாம்.

தொற்றின் முதல் ஆண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. இளைஞர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

மகாராஷ்டிரக் கல்லூரிகள் 2021 அக்டோபர் 20 அன்று மீண்டும் திறந்தபோது, இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்களுக்கே அனுமதி. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே குறைந்தது 12 வார இடைவெளி வேண்டும் என்பது அப்போதைய விதி. ஊசி மருந்து தயாரான ஊரிலேயே, இரண்டாம் ஊசிக்கு நாள் எண்ண வேண்டியிருந்தது.

மாணவர்களுக்கு மனநல உதவி தர மத்திய அரசு 2020 ஜூலையில் 'மனோதர்பண்' திட்டத்தைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் வந்த 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் தமிழ், மராத்தி உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் ஆலோசனை பெறலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தொடர்ந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் உடனே உதவி தேட வேண்டும்.