ஒரே ரயில், மூன்று லென்ஸ்: ஒப்பிட்டு எழுதப் பழகுவோம்

“ஒப்பிட்டு எழுதுக” என்று கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? முதல் பொருளுக்கு ஒரு பத்தி, இரண்டாவதற்கு ஒரு பத்தி, முடிந்தது. இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒப்பீடு மட்டும் இருக்காது. ஒப்பீட்டுக்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். அதைப் பழக நல்ல பொருள் ஒன்று: ரயிலைப் படம் எடுப்பது.

காட்சி

பேராக், கோலகங்சார் மாவட்டத்தில் உள்ள காராயில், பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம் இருக்கிறது. 1900இல் கட்டி முடிக்கப்பட்டது. செங்கல் தூண்கள், அவற்றின் மேல் இரும்புச் சட்டங்கள். இப்போது ரயில்கள் பக்கத்தில் உள்ள புதிய பாலத்தில் போகின்றன. நாம் ஆற்றங்கரையில், புதிய பாலத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பெட்டிகள் கொண்ட ஈடிஎஸ் மின்ரயில் வருகிறது.

அளவுகோல் 1: எவ்வளவு தெரிகிறது?

கணக்குகள் முழுச்சட்டக் கேமராவுக்கு உரியவை.

24 மி.மீ. அகலக்கோண லென்ஸ்: 100 மீட்டர் தூரத்தில் 150 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். ஆறு பெட்டிகளும் அடங்கும். ஆறும் வானமும் சேரும். ஆனால் ரயில் ஒரு மெல்லிய கோடு.

50 மி.மீ. லென்ஸ்: 72 மீட்டர் அகலம். ஏறக்குறைய மூன்று பெட்டிகள். கண்ணால் பார்ப்பது போன்ற இயல்பான தோற்றம்.

200 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ்: 18 மீட்டர் மட்டும். ஒரு பெட்டிகூட முழுதாக அடங்காது. ஆனால் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணியின் முகபாவம் தெரியலாம்.

அளவுகோல் 2: படம் எதைச் சொல்கிறது?

அகலக்கோணப் படம் இடத்தைச் சொல்கிறது. பாலத்தின் கோடு படத்தின் மூலையில் தொடங்கி உள்ளே ஓடினால் நம் கண்ணும் அதோடு ஓடும். முன்னால் ஒரு படகோ நாணல் புதரோ இருந்தால் ஆழம் கூடும்; எதுவும் இல்லையென்றால் படம் ‘வெறிச்’சென்று கிடக்கும். தொலைநோக்குப் படம் ரயிலைச் சொல்கிறது. தேவையற்றது எல்லாம் வெளியே போய்விடும். ஊர் எது என்பதும் சேர்ந்தே போய்விடும்.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். தொலைநோக்கு லென்ஸ் பெட்டிகளை நெருக்கிக் காட்டுகிறது என்பார்கள். உண்மையில் அது லென்ஸின் வேலை இல்லை, தூரத்தின் வேலை. அதே இடத்தில் நின்று அகலக்கோணத்தில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், அதே நெருக்கம் அதிலும் தெரியும். தெளிவு மட்டும் குறையும். லென்ஸ் முடிவு செய்வது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை. பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம்.

அளவுகோல் 3: யாருக்கு ஆபத்து?

கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் ஏறக்குறைய 24 மி.மீ. அகலக்கோணம்தான். அதனால்தான், “ஐயா, ரயில் ரொம்ப குட்டியா தெரியுது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். திரையில் தூரமாகத் தெரியும் ரயில் உண்மையில் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஈடிஎஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். 200 மீட்டர் தள்ளி இருக்கும் ரயில் ஐந்தே விநாடியில் நம்மிடம் வந்துவிடும். திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது போதாது.

ஆகவே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது: “கிட்டப் போகாதே, படத்தை வெட்டிக்கொள்.” தண்டவாளத்தில் இறங்கக்கூடாது. நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி செல்கிறது. செல்ஃபிக் குச்சியை உயர்த்தவே கூடாது.

மாதிரிப் பத்தி

“அகலக்கோணப் படத்தில் ரயில் சிறிதாகவும் ஆறு பெரிதாகவும் தெரிகிறது, தொலைநோக்குப் படத்திலோ ரயில் சட்டத்தை நிறைக்கிறது, ஆறு காணாமல் போகிறது. முன்னது பயணம் நடக்கும் ஊரைக் காட்டுகிறது; பின்னது பயணம் செய்யும் மனிதரைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுக்கப்பட்டவை என்பதால், வேறுபாடு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் தேர்வில்தான் இருக்கிறது.”

கவனியுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு படங்களும் இருக்கின்றன. ‘முன்னது, பின்னது’, ‘படத்திலோ’ போன்ற சொற்கள் இரண்டையும் இணைக்கின்றன. கடைசி வாக்கியம் ஒற்றுமையில் தொடங்கி முடிவுக்கு வருகிறது.

பயிற்சி

வகுப்பறையின் ஒரு மூலையில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதன் நடுப்பகுதியை வெட்டி இரண்டாவது படம் ஆக்குங்கள். முதலில் “எது தெரிகிறது?”, பிறகு “எது விடுபட்டது?” என்று கேளுங்கள். விடுபட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் மாணவர் உண்மையில் ஒப்பிடத் தொடங்குகிறார்.