மைசூர் சௌடையா

திருமகூடலு சௌடையா (1895 - சனவரி 19, 1967) கருநாடக இசை வயலின் கலைஞரும் இசை ஆசிரியரும் ஆவார். மைசூருக்கு அருகில், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலுவில் பிறந்த இவர், பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுல முறையில் இசை பயின்றார்.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், பெரிய அரங்குகளின் பின்வரிசையில் இருந்தோருக்கு வயலினின் ஒலி சரிவரக் கேட்கவில்லை. இதற்குத் தீர்வாக இவர் நான்கு தந்திகளுடன் மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். இணைத் தந்திகள் ஒருங்கே ஒலித்ததால் நாதம் கனத்தது. ஆயினும் வாசிப்பது எளிதன்று: ஒரே விரல் இரு தந்திகளை அழுத்தவேண்டும், அவற்றின் சுருதி இம்மியும் பிசகலாகாது.

செம்பை வைத்தியநாத பாகவதருக்கு இவர் நீண்ட காலம் பக்கவாத்தியம் வாசித்தார். மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியை நிறுவி மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1957-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

ஒலிபெருக்கி வந்தபின் வயலின் கலைஞர்களுள் பெரும்பாலோர் நான்கு தந்திகளையே தொடர்ந்தனர். பெங்களூரில் 1980-ல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபம் ஏழு தந்தி வயலினின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது.