குகையும் கருவறையும்

திருவண்ணாமலைக்குச் செல்லும் மாணவர்கள் ரமணாசிரமத்தைக் கண்டபின், மலைச் சரிவிலுள்ள குகைகளையும் பார்ப்பதுண்டு. அக்குகைகளில் 1952 முதல் சில ஆண்டுகள், அவ்வப்போது வந்து தங்கி, ஒரு கத்தோலிக்கத் துறவியும் தவம் பயின்றார். அவரும் அவர்தம் தோழரும் காவிரிக் கரையில் நிறுவிய சிற்றாசிரமத்தைப் பற்றியே இன்று நான் கூற விரும்புகிறேன்.

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், மாமரங்களின் நிழலில் அமைந்தது சாந்திவனம். பிரெஞ்சுக் குருவான ஜூல்ஸ் மோன்ஷனின் 1939-இல் தமிழகம் வந்து, அப்பகுதிச் சிற்றூர்களில் பணியாற்றியவர். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஹென்றி லெ சோ 1948-இல் வந்து அவருடன் சேர்ந்தார். இருவரும் 1949 ஜனவரியில் ரமண மகரிஷியைத் தரிசித்தனர். லெ சோவின் உள்ளத்தில் அக்காட்சி அழியாது நின்றது.

1950 மார்ச் 21-ஆம் நாள் ஆசிரமம் தொடங்கியது. காவியுடுத்து, குடிசைகளில் வாழ்ந்து, மரக்கறி உணவையே அவர்கள் மேற்கொண்டனர். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றிலும் தந்தை, மகன், தூய ஆவி என்னும் திரித்துவத்தின் சாயலைக் கண்டு, சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயரிட்டனர். லெ சோ, அபிஷிக்தானந்தர் ஆனார்.

இன்று அங்கே நாம் காணும் ஆலயம் தென்னிந்தியக் கோயிலமைப்பைத் தழுவியது. வாயிற் கோபுரத்தில் திரித்துவத்தைக் குறிக்கும் மூன்று முகத் திருவுருவம் உண்டு. கருவறையின் மேலே விமானம் எழுகிறது; அதில் புனிதர்களும், அவர்களுக்கு மேலே அமர்ந்த கோலத்தில் கிறிஸ்துவும் காட்சியளிக்கின்றனர். கருவறையோ இருண்டது. இறைவன் இதயக் குகையில் உறைகிறான் என்பதே அவ்விருளின் பொருள்.

இதனை வெறும் வேடம் என்று பழித்த இந்துக்களும் உண்டு. நெறி பிறழ்ந்தது என்று ஐயுற்ற கிறிஸ்தவர்களும் உண்டு. பிறர் சமயத்தின் சின்னத்தை எடுத்தாள நமக்கு உரிமை உண்டா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கட்டடத்தை மட்டும் கண்டு விடை கூறலாகாது. அதை எழுப்பிய வாழ்வையும் நோக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. மோன்ஷனின் 1957-இல் மறையும்வரை நிலைத்த சீடர் எவரும் அமையவில்லை. எனினும் அவர் சோர்ந்து முயற்சியைக் கைவிடவில்லை. அபிஷிக்தானந்தர் 1968-இல் இமயம் சென்றபின், ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ் 1993-இல் மறையும்வரை ஆசிரமத்தை வளர்த்தார்.

மாணவர்களே, தண்ணீர்ப்பள்ளிக்குச் சென்றால் கோபுரத்தை வியந்ததோடு திரும்பிவிடாதீர்கள். அந்த இருண்ட கருவறையின் முன் சற்றே மௌனமாக அமருங்கள். அருணாசலத்தின் குகையில் ஒருவர் பயின்ற மௌனத்திற்கும் அவ்விருளுக்கும் உள்ள உறவு அப்போது புலப்படும்.