ஜீரோ இருந்த இடம்

கோவை கணபதியில் அப்பாவின் பட்டறை. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். அங்கே நின்ற ஆறடி லேத்தில் ஜீரோவைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை ஒட்டியிருந்த டயல் வளையத்தில் வெட்டப்பட்ட கோடுதான் அது.

ஷாஃப்டை சக்கில் பிடித்து அப்பா லேசாக ஒரு வெட்டு ஓட்டுவார். அதற்குப் பிறகு கிராஸ் ஸ்லைடைத் தொடவே மாட்டார். சேடிலை மட்டும் வலப்பக்கம் உருட்டி டூலை விலக்குவார். மைக்ரோமீட்டரில் 25.40 வரும். வேண்டியது 25. வளையத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஜீரோவை நேராக வைத்து முடுக்குவார். ஒரு கோட்டுக்கு டூல் 0.05 மி.மீ. உள்ளே போகும், விட்டத்தில் 0.1 குறையும். ஆக நான்கு கோடு. கை தவறி ஐந்துக்குப் போனால் ஒரு கோடு பின்னால் திருப்பிப் பயனில்லை. ஸ்லைடை நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் இடையே இருக்கும் ப்ளேயில் டயல் மட்டும் நகரும், டூல் நின்ற இடத்திலேயே நிற்கும். அரைச் சுற்று பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் கோட்டைப் பிடிக்க வேண்டும். "எப்பவும் ஒரே பக்கமிருந்து வரோணும் கண்ணு" என்பார்.

மரை போடும்போது இந்தக் கோடுகளின் அருமையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் டூலை வெளியே இழுத்து, சேடிலைத் திருப்பிக் கொண்டுவந்து, அதே கோட்டில் டயலை நிறுத்தி, அதற்கு மேல் அந்த நடைக்கான ஆழத்தைக் கொடுப்பார். சக்கிலும் லீட் ஸ்க்ரூவிலும் சாக்பீஸ் அடையாளம் இருக்கும். பாதி மரையில் கரண்ட் போனாலும் அவர் பதறியதில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாக் கோடுகளும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

மின்வெட்டு ஆட்டிப்படைத்த 2012-இல்தான் அந்த லேத்தை சி.என்.சி.யாக மாற்றினோம். பழைய ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு பால் ஸ்க்ரூ, ஸ்டெப்பர் மோட்டார்கள், ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சி.என்.சி. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த, காசு கேட்காத மென்பொருள். வளையம் போய் ஜீரோ திரைக்குள் ஏறியது. வெட்டி அளப்பது மட்டும் அப்படியே இருந்தது. 25.40 என்று டைப் செய்தால், டூல் நிற்கும் இடத்தின் விட்டம் அதுதான் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். குறுக்கே போகும் எக்ஸின் ஜீரோ ஷாஃப்டின் நட்ட நடு அச்சு. நீளவாக்கில் போகும் இசட்டின் ஜீரோ, ஃபேசிங் முடித்த முகம். ஜி 7 போட்டிருந்தால் கணக்கு விட்டத்தில், ஜி 8 என்றால் ஆரத்தில். இதில் தவறினால் அளவு இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

ஜி 54 என்ற பெயரில் ஃபைலில் பதிவாவது வெறும் தூரம்தான். மெஷினின் சொந்த ஜீரோவிலிருந்து நம் ஜாப்பின் ஜீரோ எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. கரண்ட் போனாலும் அந்த எண் அழியாது. ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்பது மெஷினுக்கு மறந்துபோகும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு சக் தாடை பலியானது.

மெஷின் தன் சொந்த ஜீரோவைத் தேடிப் பிடிக்க உதவும் ஹோம் ஸ்விட்சை, செலவைக் குறைக்க வைக்காமல் விட்டிருந்தேன். அப்படி விட்டால், ஹோம் பட்டனை அமுக்கும்போது எங்கே நிற்கிறதோ அதுவே மெஷினுக்கு ஹோம். ஒரு நாள் பாதி வெட்டில் கரண்ட் போனது. ஜாப்பை விடுவிக்க இரண்டு ஸ்க்ரூக்களையும் கையால் திருப்பி டூலை விலக்கினேன். கரண்ட் வந்ததும் அங்கேயே ஹோம் கொடுத்து ஓட்டினேன். திரையில் எல்லா எண்களும் ஒழுங்காகவே இருந்தன. டூல் நேராகப் போய்ச் சக்கில் மோதியது. அப்பா ஓடி வந்து முதலில் என் கைகளைத்தான் பார்த்தார்.

அடுத்த வாரமே இரண்டு அச்சுக்கும் ஸ்விட்ச் மாட்டினோம். மெஷின் வேகமாகப் போய் ஸ்விட்சைத் தொட்டு, விலகி, இரண்டாம் முறை மெதுவாகத் தொடும், ஒரே பக்கமிருந்து. ஹோமுக்குத் திரும்பிப் போகும்போது முதலில் எக்ஸ், பிறகு இசட். இரண்டையும் சேர்த்து விட்டால் டூல் குறுக்கே போய் டெயில்ஸ்டாக்கில் இடிக்கும்.

ஸ்விட்சையும் கண்மூடி நம்ப முடியாது. அதன் முனையில் துருவல் ஒன்று ஒட்டி எக்ஸில் 0.1 மி.மீ. தள்ளி நின்றால், அன்று கடையும் எல்லா ஷாஃப்டிலும் விட்டம் 0.2 மாறிவிடும், திரையில் ஒன்றும் தெரியாது. அதனால் பெட்டின் மேல் காந்த ஸ்டாண்டில் அப்பா ஒரு டயல் கேஜ் வைத்திருக்கிறார். காலையில் ஹோம் போய் நின்றதும் கேஜின் முனை கிராஸ் ஸ்லைடைத் தொடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து முள்ளைப் பார்ப்பார். நேற்றைய கோட்டிலேயே நின்றால்தான் "ஓட்டு" என்பார்.