விற்பனை உயர்ந்தது, கைக்கு வந்த பணம் எங்கே? அடுக்குப் பட்டைப் படம் காட்டும் உண்மை

வணிகத்தில் விற்பனைத் தொகை மாதத்திற்கு மாதம் உயர்ந்தால் நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்தத் தொகைக்குள் ரொக்கம் எவ்வளவு, வங்கி வழி வந்தது எவ்வளவு, கடனாக நிற்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது குறைவு. பேரேட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் எண்களின் கூட்டத்தில் அது கண்ணில் படுவதில்லை. இதற்கு உதவுவதே அடுக்குப் பட்டைப் படம்.

பட்டைப் படத்திற்கும் வணிகத்திற்கும் உள்ள உறவு பழையது. வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786ஆம் ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்து காட்டினார். இன்று அதே வேலையைக் கணினி நொடியில் செய்கிறது. அதற்கான மென்பொருள்களில் ஒன்று 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் உருவாக்கிய இது, 1995 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. உரிமக் கட்டணம் ஒரு பைசாவும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மளிகை மொத்தக் கடையின் மூன்று மாத விற்பனையை, லட்ச ரூபாய்க் கணக்கில், இப்படி வைத்துக்கொள்வோம்.

கடன்: ஏப்ரல் 2, மே 3, ஜூன் 4.5
வங்கி வழி: ஏப்ரல் 2, மே 2.5, ஜூன் 2.5
ரொக்கம்: ஏப்ரல் 6, மே 5.5, ஜூன் 5

மொத்த விற்பனை 10, 11, 12 என ஏறுகிறது. 20 சதவீத வளர்ச்சி! ஆனால் விற்ற மாதத்திலேயே கைக்கு வந்த தொகை 8, 8, 7.5. அதாவது விற்பனை 2 லட்சம் கூடியும், வரவு அரை லட்சம் குறைந்திருக்கிறது. சரக்கு கொடுத்தவருக்குத் தவணை தவறுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படம் வரையும் முறை

ஆர் மென்பொருளில் 'மேட்ரிக்ஸ்' என்ற கட்டளை எண்களை வரிசை, நிரல் கொண்ட அட்டவணையாக்குகிறது. 'பார்பிளாட்' என்ற கட்டளை அந்த அட்டவணையைப் படமாக்குகிறது. ஒவ்வொரு நிரலும் ஒரு பட்டை. ஒவ்வொரு வரிசையும் அந்தப் பட்டைக்குள் ஓர் அடுக்கு. எனவே மாதங்கள் நிரலாகவும், கடன், வங்கி, ரொக்கம் ஆகியவை வரிசையாகவும் இருக்க வேண்டும். வரிசைக்கும் நிரலுக்கும் பெயர் கொடுத்துவிட்டு, 'லெஜண்ட்.டெக்ஸ்ட்' என்பதற்கு 'ட்ரூ' என்று கொடுத்தால், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும் படத்திலேயே வந்துவிடும். மேற்கண்ட கட்டளைகளைச் சிறிய ஆங்கில எழுத்திலும், 'ட்ரூ' என்பதை முழுதும் பெரிய எழுத்திலும் தட்டச்சு செய்ய வேண்டும். மாறினால் மென்பொருள் ஏற்காது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, எண்களை இடும் முறை. மேட்ரிக்ஸ் கட்டளை எண்களை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாகவே நிரப்பும். நாமோ கணக்கேட்டில் எழுதுவதுபோல் வரிசை வரிசையாகக் கொடுப்போம். அப்போது 'பைரோ' என்பதற்கு 'ட்ரூ' என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மென்பொருள் பிழை என்று சொல்லாது. தவறான படத்தை அழகாக வரைந்துவிடும். மேற்கண்ட கணக்கில் மாத விற்பனை 9.5, 7, 16.5 என்று மாறிவிடும். மூன்று மாதமும் சேர்ந்த கூட்டல் மட்டும் 33 என்று சரியாகவே இருக்கும்! ஆகவே 'கோல்சம்ஸ்' (இதில் 'சம்ஸ்' என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) என்ற கட்டளையால் மாதவாரிக் கூட்டலை எடுத்து, பேரேட்டுடன் ஒத்துப் பார்த்த பிறகே படத்தை நம்ப வேண்டும்.

இரண்டாவது, அடுக்கும் ஒழுங்கு. முதல் வரிசை அடியில் வரும். அடியில் இருக்கும் அடுக்கு எல்லாப் பட்டையிலும் ஒரே தரையில் தொடங்குவதால், அதன் ஏற்ற இறக்கம் பளிச்செனத் தெரியும். நடு அடுக்குகள் வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதால் ஒப்பிடுவது கடினம். எனவே எதைக் கண்காணிக்க வேண்டுமோ, அதை அடியில் வையுங்கள். நமக்கு அது கடன்.

மூன்றாவது, சதவீதப் படம். 'ப்ராப்.டேபிள்' என்ற கட்டளையில் அட்டவணையுடன் 2 என்ற எண்ணையும் கொடுத்தால், நிரல்வாரிப் பங்கு கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் கடனின் பங்கு 20, 27, 37.5 சதவீதம் என ஏறுவது தெரியும். ஆனால் இதில் எல்லாப் பட்டையும் ஒரே உயரமாகிவிடுவதால் விற்பனை கூடியதா குறைந்ததா என்று தெரியாது. ஆகவே தொகைப் படம், சதவீதப் படம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை.

நான்காவது, அடுக்குகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சில்லறை இனங்களை 'இதர' என ஒன்றாக்கலாம். திரும்பி வந்த சரக்கைக் கழித்தல் எண்ணாக அடுக்கில் சேர்க்கக் கூடாது. நிகர விற்பனையாக்கிய பிறகே இட வேண்டும்.

மாதம் முடிந்ததும் கணக்குப் பிள்ளையிடமோ, கணினி கற்ற பிள்ளைகளிடமோ சொல்லி இப்படத்தை வரைந்து, கல்லாவுக்கு எதிரே ஒட்டி வைக்கலாம். அடி அடுக்கு தொடர்ந்து இரண்டு மாதம் உயர்ந்தால், புதிய கடன் கொடுப்பதை நிறுத்திப் பழைய பாக்கியை வசூலிக்கப் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.